மஷ் உலகங்களை நடத்திவரும் உங்களுக்கு நன்றி

வணக்கம்.

மஷ் என்பது இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் கூடி, எழுத்தாலேயே ஒரு உலகத்தைக் கட்டி ஆடும் விளையாட்டு வகை. அதில் பாத்திரமேற்று ஆடும் நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. டெல்நெட் என்ற பழைய எழுத்துவழி இணைப்பில் ஓடிவரும் வெறும் வரிகளில் ஒரு ஊரே நடமாடுகிறது. அதற்குப் பின்னால் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் நீங்கள்.

இந்த வழியைத் திறந்தவர் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற பலர் ஆடும் எழுத்து விளையாட்டு, புள்ளி சேர்த்து விசார்ட், அதாவது தனி அதிகாரம் பெற்றவர், ஆகும் ஆட்டம். 1989இல் கார்னகி மெலனில் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட் அந்தப் போட்டியை ஒதுக்கிவிட்டு, வந்தவர்களையே அறை கட்டவிட்டது. வெல்ல ஒன்றுமில்லாத இடத்தில் மனிதர்கள் பேசத்தானே செய்வார்கள்!

உதவிச் சேனலில் உட்கார்ந்திருப்பவர்களே, புதியவர்கள் தங்குவதும் ஓடுவதும் உங்கள் கையில். பாத்திரத்தின் செயலை எழுதும்போது முக்காற்புள்ளி போட்டுத் தொடங்கினால் பெயருக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி வரும், அரைப்புள்ளி போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! சதுர அடைப்புக்குறியையும் சதவீதக் குறியையும் சர்வர் நிரலாக எடுத்துக்கொள்வதால் எழுதிய வாக்கியத்தில் பாதி காணாமல் போகும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தப்பும். இதையும் சலிக்காமல் சொல்கிறீர்கள்.

எங்கள் பெரிய கடன் காட்சி நடத்துபவர்களிடம். பத்துப் பேர் கூடிய விருந்துக் காட்சியில் வரிசைமுறை வைத்தால், ஒருவர் தேநீர் போடப் போனதும் மற்ற ஒன்பது பேரும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் மூன்று போஸ் விதி (பாத்திரம் செய்வதையும் சொல்வதையும் எழுதும் ஒரு பதிவுதான் போஸ்): நீங்கள் எழுதியபின் வேறு மூவர் எழுதும்வரை பொறுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். நான்கு பேர் மட்டும் இருந்தால் இந்த விதி மறுபடி வரிசைமுறையாகவே முடியும், அங்கே அது வீண். "வாள் அவன் தோளைப் பிளந்தது" என்று ஒருவர் எழுதினால், "தோளை நோக்கி வீசினான் என்று நிறுத்துங்கள், பட்டதா இல்லையா என்பதை எதிராளி எழுதட்டும்" என்று தனிச்செய்தியில் மெல்லச் சொல்கிறீர்களே, சபையில் சொன்னால் சண்டையாகியிருக்கும்.

எமிட் கட்டளை பெயரில்லாமல் வரியை அச்சிடும். காற்றையும் மழையையும் வர்ணிக்க அது வேண்டும், ஆனால் அடுத்தவர் வாயில் சொல்லைத் திணிக்கவும் உதவும். நோஸ்பூஃப் கொடி என்ற அமைப்பை நம் பாத்திரத்துக்கு ஏற்றிக்கொண்டால் அனுப்பியவர் பெயர் தெரியும். இதை முதல் நாளே கற்றுத்தரும் விளையாட்டுகளை மதிக்கிறோம்.

பஞ்சாயத்துப் பேசுபவர்களுக்குத் தனி வணக்கம். சமூகத் தகராறுகளில் விசார்ட்கள், அதாவது நிர்வாகிகள், இனித் தலையிடமாட்டார்கள் என்று 1992 டிசம்பரில் லாம்டாமூ என்ற இன்னொரு எழுத்து உலகில் அதை நிறுவிய பாவெல் கர்ட்டிஸ் அறிவித்தார். அடுத்த ஆண்டே ஒரு பாத்திரம் பிறர் பெயரில் பாலியல் வன்முறை வரிகளை அச்சிட்டபோது, என்ன செய்வதென்று ஊருக்கு ஒரு முறையே இல்லை. மனுவும் வாக்கெடுப்பும் அதன்பின் வந்தன. அவையும் போதாமல் 1996இல் விசார்ட்கள் மறுபடி பொறுப்பேற்றார்கள். எழுதிவைத்த விதியோடு, புகாரைப் படிக்க ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களே, பல சர்வர்களில் ஊர் முழுவதும் நினைவகத்தில்தான் இருக்கிறது, அவ்வப்போதுதான் வட்டுக்குப் போகிறது. வட்டு நிரம்பியிருந்தால் அந்தப் பதிவு பாதியில் நின்றுவிடும். நாள்தோறும் ஒரு பிரதியை வேறு கணினிக்கு அனுப்பி, அது திறக்கிறதா என்றும் பார்த்துவைக்கும் உங்களுக்கு எங்கள் நன்றி.

இப்படிக்கு,
உங்கள் ஊர்களில் குடியிருப்பவர்கள்