அனாமத்துக் கணக்கை எடுத்தது யார்?

அன்பு யாழினிக்கு,

"நாங்க டூல் மட்டும்தாம்மா செஞ்சு குடுக்கிறோம். முடிவு எடுக்கிறது டிபார்ட்மென்ட்" என்று போன வாரம் போனில் சொன்னாய். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேசித் தீர்க்கிற விஷயமாகவும் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ இருப்பது இங்கிலாந்தில். செய்வது, உதவித்தொகை கூடுதலாகப் போனவர்களிடமிருந்து திரும்பப் பிடிக்கிற மென்பொருள். அந்த நாட்டில்தான், அஞ்சலகக் கணினி காட்டிய இல்லாத குறைவுக்காகக் கிளை நடத்தியவர்களைத் தண்டித்த ஹொரைசன் விவகாரம் நடந்தது.

2024 ஜனவரியில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ஊரே பேசியது, உனக்கும் தெரிந்திருக்கும். நான் எழுதுவது கணக்குப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற பகுதியை.

1999 முதல் பிரிட்டனின் அஞ்சல் கிளைகளில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஐசிஎல் என்ற கணினி நிறுவனம் செய்தது, பிறகு ஃபுஜித்சு நடத்தியது. கிளையை நடத்துகிற சப்-போஸ்ட்மாஸ்டர் சம்பளக்காரர் இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பவர். அலட்சியத்தாலோ கவனக்குறைவாலோ தவறாலோ அவர் ஏற்படுத்திய நஷ்டத்துக்குத்தான் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னது. நிர்வாகம் வசூலித்ததோ திரை காட்டிய எல்லாக் குறைவையும்.

அந்தத் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். கணக்கு முடிக்கிற நாள். கல்லாவை எண்ணினால் 3,000 பவுண்ட் உதைக்கிறது என்று வைத்துக்கொள். திரை தருகிற வழி இரண்டு. கையிலிருந்து போட்டுக் கட்டலாம். அல்லது தலைமையகத்தோடு தீர்த்துக்கொள்வதாகச் சொல்லலாம், அதாவது கடனை ஒப்புக்கொள்ளலாம். 'இது என் குறைவு இல்லை, விசாரியுங்கள்' என்று அழுத்த ஒரு பட்டன் கிடையாது. உதவி எண்ணைக் கூப்பிட்ட பலருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று பதில் வந்தது. கணக்கை முடிக்காமல் அடுத்த காலக் கணக்குக்குப் போக முடியாது. அதனால் சிலர் ரொக்கம் இருப்பதாகவே பதிந்துவிட்டு மறுநாள் கடையைத் திறந்தார்கள். அந்தப் பதிவே பிறகு பொய்க்கணக்குக் குற்றமானது. திரையில் மூன்றாவது வழி இருந்திருந்தால் அந்தக் குற்றங்களில் பல பிறந்திருக்காது.

மூன்றாவது வழி முன்பு இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2005 வரை கிளைக் கணக்கில் அனாமத்துக் கணக்கு இருந்தது. எந்தப் பேரேட்டிலும் அது எதற்காக இருக்கிறது? யாருடையது என்று முடிவாகாத தொகையை, முடிவாகும்வரை யார் தலையிலும் ஏற்றாமல் வைத்திருப்பதற்கு. தெரியாததைத் தெரியாது என்றே எழுதிவைக்கிற இடம் அது. 2005இல் அதை எடுத்துவிட்டார்கள். கணக்கு வேகமாக முடியும், தொகைகள் தொங்கிக்கொண்டிருக்காது என்பதெல்லாம் நிர்வாகத்துக்கு நல்ல காரணங்கள். ஆனால் அந்த ஒரு வரியை நீக்கியதும், நிரூபிக்கிற சுமை தலைமையகத்தின் தோளிலிருந்து கிளைக்காரரின் தோளுக்கு மாறிவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதித்துச் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரு திரை மாற்றம் செய்தது.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் ஒரு வேறுபாடு சொல்வார், நீ கல்லூரியில் படித்திருக்கலாம். பொருள் ஒன்றை ஆக்குவது வேறு, மனிதர்கள் நடுவே செயல்படுவது வேறு. நாற்காலி கோணலானால் தச்சர் பிரித்துத் திரும்பக் கோக்கலாம். செயலைப் பிரிக்க முடியாது. அது எங்கே போய் முடியும் என்று செய்தவருக்கே தெரியாது. மென்பொருளை நீங்கள் நாற்காலியாக நினைத்து வேலை செய்கிறீர்கள்: பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். அரசின் கையில் போனதும் அது செயலாகிவிடுகிறது. நிரலை மாற்றலாம், கடிதம் கிடைத்த வீட்டில் நடந்ததை மாற்ற முடியாது. ஹொரைசன் வழக்குகளில் 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். சிறைக்குப் போனவர்கள், வீட்டை இழந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. கழிந்த ஆண்டுகளை ரத்து செய்யச் சட்டம் எங்கே இருக்கிறது?

செயலுக்கு ஒரு மருந்து மன்னிப்பு என்றும் அரெண்ட் சொல்வார். மன்னிக்க வேண்டுமென்றால் 'நான் செய்தேன்' என்று ஒருவர் முன்னால் வர வேண்டும். இங்கே யாரும் வரவில்லை. ஃபுஜித்சு அஞ்சலகத்தைக் காட்டியது, அஞ்சலகம் கணினியைக் காட்டியது. அஞ்சலகத்தின் ஒரே உரிமையாளரான அரசோ, அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டோம் என்றது. யாரும் ஆளாத ஆட்சி என்று அவர் சொன்னது இதைத்தான். நீ சொன்ன 'டூல் மட்டும்தான்' அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, யாழினி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சட்டமும் உதவவில்லை. காவல்துறை, குற்றச் சாட்சியம் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கணினி ஆவணத்தைச் சாட்சியமாக்குகிறவர் அந்தக் கணினி சரியாக இயங்கியதைக் காட்ட வேண்டும். 1999இல் அதை நீக்கினார்கள். அதன்பின் கணினி சரியாகவே இயங்கியதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர் காட்ட வேண்டும். கிளைக்காரர் எதை வைத்துக் காட்டுவார்? முழுத் தணிக்கைப் பதிவு ஃபுஜித்சுவிடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்க வரம்பு உண்டு, மீறினால் கட்டணம். பல வழக்குகளில் கேட்கவே இல்லை. சிலம்பை உடைத்தால் உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். உடைப்பதற்கு முன்பே தண்டனை கொடுத்து முடித்துவிட்டார்கள், மதுரையில் நடந்தது போலவே.

இனி உன் திரைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 2015இல் நடந்ததை வைத்தே சொல்கிறேன். ஒருவர் 8,000 பவுண்ட் பணப்பையை வரவு வைத்து என்டர் அழுத்தினார். திரை நகரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார். நான்கு முறை பதிவாகி 32,000 வந்ததாகக் காட்டியது, இல்லாத 24,000 அவர் தலையில் குறைவாக நின்றது. விசாரித்தால் 2010 முதலே வேறு கிளைகளிலும் நடந்திருக்கிறது. உன் நிரலில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதற்கே உரிய ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பதிய மறுத்துவிடு. ஒரே பை நான்கு முறை வர முடியாது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் ஆட்கள் தொலைவிலிருந்து ஒரு தொகையைத் திருத்தினால் அவர்கள் பெயரிலேயே விழட்டும்: யார், எப்போது, முன்பு என்ன, பின்பு என்ன, எதற்காக. ஹொரைசனில் வெளியிலிருந்து நுழைத்த பதிவு கிளைக்காரரே செய்தது போலத் தெரிய வழி இருந்தது, அப்படித் தொலைவிலிருந்து தொட முடியும் என்பதையே அஞ்சலகம் பல ஆண்டுகள் மறுத்தது. தெரிந்த பிழைகளின் பட்டியல் ஃபுஜித்சுவிடம் இருந்தும் பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போகவில்லை. உன் திரையில் வருகிற ஒவ்வொரு புகாரோடும், இதே புகார் இதுவரை எத்தனை பேரிடமிருந்து வந்தது என்ற எண்ணும் தெரியட்டும். 'உங்களுக்கு மட்டும்தான்' என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் அனாமத்து. 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், 'மறுக்கிறேன்' இருக்க வேண்டும். அதை அழுத்திய நொடியில் பிடித்தம் நிற்க வேண்டும், தொகை அனாமத்துக்குப் போக வேண்டும், பெயருள்ள ஓர் அதிகாரியின் மேசைக்குக் கோப்பு போக வேண்டும். அவருக்குத் திருப்பி எழுதுகிற அதிகாரமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயரால் பயன் இல்லை. கெடுவுக்குள் அவர் முடிவு செய்யாவிட்டால் கணக்கு குடிமகன் பக்கம் சாயட்டும்.

'இது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை' என்பார்கள். ஒப்பந்தத்தில் இல்லை என்பதையே எழுத்தில் கேட்டு வாங்கு, தேதியோடு. வாய்வார்த்தை வேண்டாம். முன்னாள் சப்-போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸும் மற்றவர்களுமாக 555 பேர் அஞ்சலகத்தின் மேல் போட்ட வழக்கில், பிழைகள் கிளைக் கணக்கில் இல்லாத குறைவைக் காட்டியிருக்கின்றன என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் தீர்ப்புச் சொன்னது, உள்ளே ஆட்கள் எழுதி வைத்த பிழைக் குறிப்புகள் வெளியே வந்ததால்தான்.

அடுத்த வாரம் திரை வடிவத்தை இறுதி செய்வதாகச் சொன்னாயே. மறுக்கிற பட்டன் வருகிறதா, அதில் என்ன வாசகம், அழுத்தினால் கோப்பு யாருடைய மேசைக்குப் போகிறது? கூட்டம் முடிந்ததும் இந்த மூன்றையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா