மாணிக்கம்னு வித்தீங்க, கண்ணாடி ஊத்துன கல்லு வந்திருக்கு, ரீஃபண்ட் வேணும்

வணக்கம்ங்க,

உங்க சைட்டுல நான் வாங்குன மாணிக்க மோதிரத்துக்கு "கெமிக்கல் பட்டு கல்லு டேமேஜ் ஆயிருக்கு, வாரண்டில வராது"ன்னு உங்க கஸ்டமர் கேர்ல இருந்து மெயில் அனுப்பியிருந்தீங்க, அதுக்குத்தான் இந்த பதில். திரும்பவும் சாட்ல இருக்கிற பசங்ககிட்டயே இதைத் தள்ளி விட்டுடாதீங்க, கிரீவன்ஸ் ஆபீசர்னு உங்க சைட்டுல யார் பேரைப் போட்டிருக்கீங்களோ அவங்களே படிக்கட்டும்.

நீங்க கெமிக்கல்னு சொல்றது என்னன்னா புளியும் எலுமிச்சம்பழ மூடியும்ங்க. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பித்தளை விளக்கு தேய்க்கிறது எங்க வீட்டுல வழக்கம், மோதிரத்தைக் கழட்டாமத்தான் தேய்ப்பேன், ஜோசியர் கழட்டக்கூடாதுன்னு சொல்லித்தானே சூரியனுக்கு மாணிக்கம்னு வாங்குனதே. மொதல்ல கல்லு மேல மயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, சோப்பு படிஞ்சிருக்கும்னு நெனச்சு பழைய பிரஷ்ல தேய்ச்சுப் பார்த்தேன் போகல, அப்புறம் அது கிளை விட்டு கிளை விட்டு இப்ப மேல்பக்கம் முழுக்க வலை போட்ட மாதிரி கெடக்கு. நகத்தை வச்சு இழுத்தா அந்தக் கோட்டுல நகம் மாட்டுது. போட்டோ ரெண்டு அட்டாச் பண்ணியிருக்கேன், பெருசு பண்ணிப் பாருங்க.

இப்ப நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மாணிக்கத்தை எலுமிச்சம்பழம் அரிக்குமா? உங்க சைட்டுலயே "கொரண்டம், கடினம் 9, வைரத்துக்கு அடுத்தது"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. கொரண்டம்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்க போல, அது அலுமினியம் ஆக்சைடு, மாணிக்கமும் அதேதான். எங்க வீட்டுக்காரர் கோயம்புத்தூர்ல கணபதிங்கிற ஏரியா பக்கம் டூல் கிரைண்டிங் பட்டறை வச்சிருக்கார், அங்க எச்எஸ்எஸ்னு சொல்ற ஹை ஸ்பீட் ஸ்டீல் டூலை சாணை பிடிக்கிற பிங்க் வீல் இருக்கே, அதுவும் அலுமினியம் ஆக்சைடுதான், பிங்க் கலர் வர்றது குரோமியம் கொஞ்சம் சேர்க்கிறதாலதான். மாணிக்கத்துக்குச் செவப்பு குடுக்கிறதும் அதே குரோமியம்தானே. அந்த வீல் நாள் பூரா கூலன்ட்ல நனைஞ்சுக்கிட்டு ஸ்டீலையே தின்னுக்கிட்டு இருக்கு, நீங்க குடுத்த கல்லு விளக்கு தேய்க்கிற புளிக்குத் தாங்கல. நம்ப முடியுதாங்க?

ஆசாரிகிட்ட கொண்டு போனேன். கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு மோதிரத்தை இப்படியும் அப்படியும் சாய்ச்சுப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ள விரிசல் விரிசலா இருக்கு, ஒவ்வொரு விரிசல்லயும் தட்டையா காத்துக் குமிழி, சாய்க்கும்போது செவப்புக் கல்லுக்குள்ள இருந்து நீலமா ஒரு பளபளப்பு ஓடுது. "ஈயக் கண்ணாடி ஊத்துன கல்லுங்க, கல்லைப் பிடிச்சிருக்கிற கம்பிப் பல்லு ஒண்ணு தேஞ்சிருக்கு, அதைப் பத்த வைக்கக்கூட நெருப்பு காட்ட மாட்டேன், சூடு பட்டா கண்ணாடி உருகி வெளிய வந்துரும்"னு கையில திருப்பிக் குடுத்துட்டார். விரிசல் விழுந்து எதுக்கும் ஆகாத கல்லை ஆசிட்ல கழுவி, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி உள்ள ஏத்திடறாங்க, விரிசல் கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது, 2004 வாக்குல மடகாஸ்கர் கல்லை வச்சு தாய்லாந்துல இருந்து பெருசா கிளம்பின வேலை இது. அந்தக் கண்ணாடியைத்தான் புளியும் எலுமிச்சையும் அரிச்சிருக்கு.

"ஹீட்டடுன்னு போட்டிருந்தோமே"ன்னு உங்க ஆள் ஒருத்தர் போன்ல சொன்னார். ஹீட் பண்றது வேற, கண்ணாடி ஊத்தறது வேறங்க. வெறும் சூடு காட்டின மாணிக்கத்தை உலகம் பூரா விக்கிறாங்க, அது கல்லாத்தான் இருக்கும், அதுல எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. அனுப்புன லேப் கார்டுல கொரண்டம், ஆர்ஐ, அதாவது ஒளிவிலகல் எண், 1.76ன்னு எல்லாம் கரெக்டா இருக்கு, சுத்தி இருக்கிறது கொரண்டம்தான்கிறதால அப்படித்தான் காட்டும், ஆனா ட்ரீட்மென்ட்னு இருக்கிற எடத்துல மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டு விட்டிருக்கு. அந்தக் கோடுதான் மொத்த ஏமாத்து வேலையும். ஹால்மார்க் இருக்கேன்னும் சொல்லாதீங்க, அது தங்கத்துக்கு, கல்லுக்கு இல்ல.

செயற்கைக் கல்லே குடுத்திருந்தாக்கூட இந்த நெலம வந்திருக்காதுங்க. வெர்னாய்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1902லயே ரூபியை நெருப்புல உருக்கி எடுக்கிற முறையை வெளிய சொல்லிட்டார், எங்க மாமனாரோட எச்எம்டி ஜனதா வாட்ச்ல 17 ஜுவல்ஸ்னு போட்டிருக்கே அதெல்லாம் அப்படிச் செஞ்ச கல்லுதான், இன்னமும் தேயாம ஓடுது. 38,500 ரூபா குடுத்த எனக்கு அந்த அளவுக்குக்கூட இல்ல. விலை கம்மியா இருக்கும்போதே யோசிச்சிருக்கணும்னு ஆரம்பிக்காதீங்க, ஒரிஜினல் விலை ஒண்ணேகால் லட்சம், ஆஃபர்ல 38,500ன்னு அடிச்சுப் போட்டது நீங்க.

அதனால முழுப் பணமும் வேணும், கல்லுக்கு மட்டும் கழிச்சுத் தர்ற கதை வேண்டாம், தங்கம், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து. வாலட்ல கிரெடிட், வேற கல்லு மாத்தித் தர்றோம், இதெல்லாம் ஆகாது, உங்க இன்னொரு கல்லை நம்பி நான் எப்படிப் போடறது? நான் சொல்றதுல சந்தேகம் இருந்தா ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத லேப்ல உங்க செலவுல டெஸ்ட் பண்ணுங்க, நானும் கூட வர்றேன். அப்புறம் அந்த லிஸ்டிங்கை உடனே மாத்துங்க, கண்ணாடி நிரப்புன கல்லுன்னும், எலுமிச்சை, ஆசிட், நெருப்பு, அல்ட்ராசோனிக் க்ளீனர் எதுவும் ஆகாதுன்னும் தெளிவா எழுதி வித்தா வேணுங்கிறவங்க அந்த விலைக்கு வாங்கிட்டுப் போறாங்க, அதை யாரும் தப்பு சொல்லல.

2020 ஈ-காமர்ஸ் ரூல்ஸ்படி புகார் வந்த 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு பதில் போடணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அது நடக்கலைன்னா 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் பதிஞ்சுட்டு கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே கேஸ் போடுவேன், 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற ஊர்லயே போடலாம், உங்க ஹெட் ஆபீஸ் இருக்கிற ஊருக்கு நான் வர வேண்டியதில்ல. லிஸ்டிங் ஸ்க்ரீன்ஷாட், பில், லேப் கார்டு, உங்க மெயில் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

பிக்கப்புக்கு ஆள் அனுப்பறதா இருந்தா சாயங்காலம் 5 மணிக்கு மேல அனுப்புங்க, வீட்டுக்காரரும் இருப்பார். மோதிரத்தை எடை போட்டு, கல்லை லென்ஸ்ல காட்டி வீடியோ எடுத்துட்டு, எடை எழுதுன ரசீதுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பேன், அப்புறம் கல்லை மாத்திட்டீங்கன்னு எங்க மேலயே திருப்பிப் பேசக்கூடாது பாருங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர், கோயம்புத்தூர்