முன்பணம் கட்டும் முன்: பிளஸ் டூ பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. பாடத்தை ஆசிரியர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கும் அதற்கான பணத்துக்கும் நீங்கள் இப்போதிருந்தே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லவே இந்தக் கடிதம்.

தேர்வு முடிந்த கையோடு சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். "ரெண்டே சீட்டுதான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார்கள். சிலர் அசல் சான்றிதழையும் கேட்பார்கள். தயவுசெய்து இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள். சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது.

அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது அரசின் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடத்தில், சேர்த்தால் முன்பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கலந்தாய்வுக்குப் போகாமல் நேரடியாகச் சேர்ந்தவருக்கு இது கிடையாது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் அப்படித்தான். நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

அடுத்தது சான்றிதழ்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். மே மாதம் கூட்டம் அலைமோதும், சர்வரும் படுத்துவிடும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் பெற்றோர், அண்ணன், அக்கா யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் பெயரின் ஓர் எழுத்தே மாறியிருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் உதவித்தொகை வராமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

பொறியியல் மட்டுமே படிப்பு என்று நினைக்க வேண்டாம். அரசு கலை அறிவியல் கல்லூரியில் செலவு மிகக் குறைவு. நன்றாகப் படிக்கும் பிள்ளையை அங்கே சேர்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக எண்ணும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. பிள்ளைக்கு எதில் பிடிப்பு என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் "வருஷத்துக்கு எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். பேருந்து, விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம், சீருடை எல்லாம் சேர்த்து, படிப்பு முடியும் வரைக்குமான தொகையை எழுதி வாங்குங்கள். பற்றாக்குறைக்குக் கந்துவட்டி வேண்டவே வேண்டாம். வங்கிக் கல்விக் கடன் ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல், பெற்றோரையும் கடன்தாரராகச் சேர்த்துத் தருகிறார்கள். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை மனதில் வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். "தூரமா இருக்கு, அதனால வேண்டாம்" என்று முடிவெடுக்கும் முன் என்னிடமோ வகுப்பாசிரியையிடமோ ஒரு வார்த்தை பேசுங்கள். விடுதி, பேருந்து வசதி பற்றி நாங்களே விசாரித்துச் சொல்கிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆதார், பாஸ்புக், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல்களோடு வாருங்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் மாலை 6 மணி வரை எப்போது வந்தாலும் நான் பள்ளியில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்