எட்டு நிமிடம் என்றால் ஐந்து தடவைதான்

கலை விழாக்களில் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டுக்கு, அதாவது கலைஞர் தன் உடலையும் செயலையுமே படைப்பாக்கிப் பார்ப்பவர் முன் நிகழ்த்தும் கலைக்கு, இடமும் நேரமும் ஒதுக்குகிற எல்லோருக்கும்,

வணக்கம். ஒரு விழாவை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை, ஆனால் என் கோபம் ஒரு விழாவில்தான் தொடங்கியது.

என் நிகழ்வு ரொம்பச் சின்னது. ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி, ஒரு சிவப்பு லிப்ஸ்டிக், ஒரு பெட்டி டிஷ்யூ. பார்ப்பவர் ஒருவர்தான், முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்காருவார். நான் பூசுவேன், துடைப்பேன், மறுபடி பூசுவேன், நாற்பது நிமிடம், பேச்சு கிடையாது. இதற்கெல்லாம் சரி சொல்லி அழைத்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் வந்து, "கூட்டம் நிறைய இருக்கு, எட்டு நிமிஷத்துல முடிச்சிடுங்க, இருபது இருபது பேரா உள்ளே விடறோம், எப்படியும் செஞ்சதையேதானே திரும்பச் செய்யறீங்க" என்றார்கள்.

செய்ததையே திரும்பச் செய்வதுதான் என் வேலையே! எட்டு நிமிடம் என்றால் ஐந்து தடவை. அந்த ஐந்து தடவையும் எதிரில் இருப்பவர் என் வாயைத்தான் பார்ப்பார், நிறம் எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார், சிலர் கூச்சத்தில் தரையைப் பார்ப்பார்கள். பத்தைத் தாண்டும்போது மெழுகும் எண்ணெயும் உதட்டின் ஓரத்தை மீறிக் கசிந்து சுற்றியுள்ள மெல்லிய சுருக்கங்களில் இறங்கும். இருபதுக்கு மேல் எவ்வளவு துடைத்தாலும் சிவப்பு போகாது, ஏனென்றால் அதில் பாதி தேய்ந்த தோலின் சிவப்பு. சாய்வாக இருந்த லிப்ஸ்டிக் நுனி மழுங்கித் தட்டையாகியிருக்கும், மடியில் குவிந்த டிஷ்யூ ஒவ்வொன்றிலும் ஒரு வாய் இருக்கும். அப்போதுதான் எதிரில் இருப்பவரின் விரல் அவரை அறியாமல் அவர் உதட்டைத் தொடும், ஆண்கள் என்றாலும் தொடும். இதற்காகத்தான் நான் வருகிறேன்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1971-இல் அமெரிக்கக் கலைஞர் எலினோர் ஆன்டின் கேமரா முன் உட்கார்ந்து முகத்துக்கு ஒப்பனை செய்துகொண்டதே ஒரு படைப்பு, 38 நிமிடம், சத்தமே இல்லை. அடுத்த வருடம் ஹாலிவுட்டில், இடிக்கவிருந்த 17 அறை வீடு ஒன்றை கலைஞர்கள் ஜூடி சிகாகோவும் மிரியம் ஷப்பிரோவும் தங்கள் மாணவிகளோடு சேர்ந்து 'வுமன்ஹவுஸ்' என்ற பெண்ணியக் கலைக்கூடமாக ஆக்கினார்கள். அதில் ஒரு படுக்கையறையில் ஒரு பெண் கண்ணாடி முன் பூசிக்கொண்டே இருப்பாள், திருப்தி வராமல் துடைப்பாள், மறுபடி பூசுவாள். அதை ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவருக்கு அலங்காரம் செய்துகொள்ளும் பெண்தான் தெரிந்திருப்பாள், நின்றவருக்குத்தான் வயதாவதைப் பற்றிய பயம் தெரிந்திருக்கும். 1992-இல் இன்னொரு கலைஞர், ஜனீன் அன்டோனி, 600 பவுண்டு பன்றிக்கொழுப்புக் கட்டியை வாயால் கடித்துக் கடித்துத் துப்பி, துப்பியதை நிறமியும் தேன்மெழுகும் சேர்த்து லிப்ஸ்டிக்காக வார்த்தார். அதை ஒரு கடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தால் லிப்ஸ்டிக் எங்கிருந்து வந்திருக்கும்?

அப்புறம் அந்த போஸ்டர். என் உதட்டை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பளபளப்பு ஏற்றி வாசலில் ஒட்டியிருந்தார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர் கையில் போனோடுதான் வருவார். என் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இருபது போன்கள். அந்தரங்கமாக இருக்கட்டும் என்றுதான் ஒருவருக்கு மட்டும் என்று வைத்திருந்தேன்.

நான் கேட்பது பணம் இல்லை. ஒப்புக்கொண்ட நேரத்தைக் கொடுங்கள், முடியாது என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், நான் வரமாட்டேன், வருத்தமும் இருக்காது. வாசலில் போனை வாங்கி வைக்க ஒரு ஆளைப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு பேர்தான் பார்க்க முடியும் என்றால் ஆறு பேர் பார்க்கட்டும்.

அன்றைக்கு எட்டு நிமிடம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார், என் மடியில் கிடந்த ஐந்து டிஷ்யூவைப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. ஆனால் அடுத்த இருபது பேர் வாசலில் நின்றார்கள், அவரை எழுப்பிவிட்டார்கள்.