மாற்றும் பொத்தானுக்கு மேலே சில வரிகள்

கிரெடிட் கார்டு வங்கிகளில் ரிவார்டு பாயின்ட் திட்டங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஆப்பில் 'பாயின்ட்டை மாற்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கார்டில் சேர்ந்த பாயின்ட்டை விமான மைலாகவோ (டிக்கெட்டுக்குப் பணத்துக்குப் பதில் விமான நிறுவனம் ஏற்கும் புள்ளி) ஹோட்டல் பாயின்ட்டாகவோ மாற்றிக்கொள்ளும் பொத்தான். அதை அழுத்துவதற்கு முன்னால் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. எல்லாமே உங்களிடம் இருக்கும் தகவல்கள்தான். ஆனால் நான் வைத்திருக்கும் கார்டுகளில் எதிலும் அவை அந்தப் பொத்தான் இருக்கும் திரையில் இல்லை. அங்கே எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மா போய் மூன்று மாதம் கூட இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானத்தில் இரவு முழுக்கக் கால்களை மடக்கி உட்கார முடியாது. நான்கு வருடமாகச் சேர்ந்த பாயின்ட் 60,000-க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். வேண்டிய தேதியில், பிசினஸ் கிளாஸில் ஒரே ஒரு இருக்கை, 30,000 மைல். என் வங்கி இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல் தரும். கணக்கு அப்படியே பொருந்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை இரவு பொத்தானை அழுத்தினேன். பாயின்ட் அந்த நொடியே கழிந்துவிட்டது. மைல் வரவில்லை. புதன்கிழமை காலையில் பார்த்தேன், மதியம் பார்த்தேன், படுக்கப் போகும் முன்னும் பார்த்தேன். இருக்கை அப்படியே இருந்தது, மைல்தான் இல்லை. வியாழக்கிழமை மாலை இருக்கை போய்விட்டது. மைல் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை.

கஸ்டமர் கேரில் பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். மாற்றிய பாயின்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது, விதிமுறையில் இருக்கிறது என்றார். தேடிப் பார்த்தேன், இருந்தது. ஆப்பிலிருந்து வேறொரு பக்கத்துக்குப் போய், அங்கே ஒரு கோப்பை இறக்கி, அதில் பாதிக்கு மேல் தள்ளிப் போனால் ஒரு வரி. அம்மா எகானமியில் போனார். இறங்கியதும் அக்காவிடம் அவர் முதலில் கேட்டது வெந்நீர் ஒத்தடம்.

இதில் நான் கற்றுக்கொண்டதும், அதற்கு அப்புறம் உட்கார்ந்து படித்ததும் நிறைய. வாடிக்கையாளர் இவ்வளவையும் தானாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

மதிப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் ஒரு டிக்கெட் 600 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். அதே டிக்கெட்டை மைலில் எடுத்தால் 25,000 மைலும், வரி, கட்டணம் என்று 100-ம் ஆகிறது. 600-ல் 100 போனால் 500. அதை 25,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 0.02. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கி இரண்டுக்கு ஒன்று கொடுத்தால் போனது 50,000 பாயின்ட், அதனால் ஒரு பாயின்ட்டின் மதிப்பு 0.01. அதே பாயின்ட்டை ஸ்டேட்மென்ட்டில், அதாவது கட்ட வேண்டிய கார்டு பில்லில், கழித்துக்கொண்டால் வங்கி 0.005 தரும் என்றால், மாற்றுவது இரு மடங்கு லாபம். சரி, அந்த டிக்கெட் சலுகை விலையில் 300-க்குக் கிடைக்கிறது என்றால்? 200-ஐ 50,000-ஆல் வகுக்க வேண்டும். 0.004. இப்போது பேசாமல் ஸ்டேட்மென்ட்டில் கழித்துவிட்டுப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்குவதே மேல். விமானமும் இருக்கையும் அதேதான், தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது. போதாததற்கு, பணம் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் புது மைலும் சேரும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இது பள்ளிக்கூட வகுத்தல்தான். ஆனால் ஐந்து எண்களும் ஐந்து இடத்தில் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு, அதாவது மாற்று விகிதமும் ஸ்டேட்மென்ட்டில் கழித்தால் கிடைக்கும் தொகையும், உங்களிடமே இருக்கின்றன. 'இந்த 50,000 பாயின்ட்டை இப்போது கழித்தால் இவ்வளவு கிடைக்கும், மாற்றினால் 25,000 மைல் கிடைக்கும்' என்று ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடலாமே. மீதி வகுத்தலை நாங்கள் செய்துகொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கையை என்னைப் போன்ற வாடிக்கையாளர்களுக்கும் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டோம் என்ற முதல் வகுப்பு டிக்கெட்டின் விலையை வைத்து வகுத்தால், பாயின்ட்டின் மதிப்பு வானத்துக்குப் போகும். நாம் உண்மையில் எவ்வளவு கொடுத்திருப்போமோ அந்தத் தொகையை வைத்து வகுக்க வேண்டும். அம்மாவின் டிக்கெட்டில் நான் முதலில் செய்த தப்பு அதுதான்.

அடுத்து, உங்கள் கூட்டாளிப் பட்டியல், அதாவது பாயின்ட்டை எந்தெந்த விமான, ஹோட்டல் நிறுவனங்களுக்கு மாற்றலாம் என்ற பட்டியல். அதில் பத்துப் பதினைந்து பெயர்கள், பக்கத்தில் சின்னங்கள். எந்தப் பெயரை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் கிடையாது. புதிதாக வருகிறவர், தான் ஏறப்போகும் விமானத்தின் பெயரைத் தேடி, அது இல்லை என்றால் பட்டியலை மூடிவிடுகிறார். ஆனால் விமான நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டணிகள் உண்டு. ஸ்டார் அலையன்ஸ் 1997-லேயே வந்துவிட்டது, ஒன்வேர்ல்டு 1999-ல், ஸ்கைடீம் 2000-ல். ஒரு கூட்டணியில் உள்ள நிறுவனத்தின் மைலைக் கொண்டு அதே கூட்டணியின் இன்னொரு விமானத்தில் இருக்கை எடுக்கலாம். இரண்டும் ஸ்டார் அலையன்ஸில் இருப்பதால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் மைல் இருந்தால் லுஃப்தான்ஸாவில் போகலாம். அதே கூட்டணியில் உள்ள ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்திலும் யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் திட்டத்திலும் அதே லுஃப்தான்ஸா இருக்கை கிடைக்கும், ஆனால் மூன்றிலும் கேட்கும் மைல் ஒரே அளவில் இருக்காது. பாயின்ட்டை எங்கே அனுப்புகிறோம் என்பதில் ஆயிரக்கணக்கான மைல் வித்தியாசம் வந்துவிடும்.

மைலை மட்டும் பார்த்தாலும் போதாது. கையிலிருந்து கட்டும் தொகையைப் பார்க்க வேண்டும். யுனைடெட் தன் மைலில் எடுக்கும் டிக்கெட்டுக்கு எரிபொருள் சர்சார்ஜ், அதாவது எரிபொருள் செலவுக்கென்று தனியாகச் சேர்க்கும் கட்டணம், வாங்குவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கு 2017-ல் அதை நீக்கியது. வேறு சில திட்டங்களில் 'இலவச' டிக்கெட்டுக்குக் கட்டும் சர்சார்ஜே எகானமி டிக்கெட்டின் விலையை நெருங்குகிறது. ஏவியோஸ் என்ற ஒரே நாணயத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ், கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் ஆகியவை பயன்படுத்துகின்றன. ஒருவர் தன் கணக்குகளுக்கு இடையே ஏவியோஸை ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்திக்கொள்ளலாம். அதனால் முதலில் எங்கே அனுப்பினாலும் பெரிய பாதகம் இல்லை, எடுக்கும்போது எது மலிவோ அங்கே எடுக்கலாம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எந்த வங்கியின் ஆப்பும் எனக்குச் சொன்னதில்லை.

ஹோட்டல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஹோட்டல் பாயின்ட்டின் மதிப்பு பெரும்பாலும் ஒரு விமான மைலின் மதிப்பைவிடக் குறைவு. அதனால் ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால் பார்க்கிறவருக்கு இரண்டும் சமம் என்று தோன்றும், ஆனால் சமம் இல்லை. ஹோட்டலுக்கு மாற்றி அங்கிருந்து விமானத்துக்கு மாற்றினால் சேதம் இன்னும் அதிகம். மேரியட் ஹோட்டல்களின் பாயின்ட் திட்டமான பான்வாய் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மூன்றுக்கு ஒன்று தருகிறது, 60,000 பாயின்ட்டை ஒரே தடவையில் அனுப்பினால் கூடுதலாக 5,000 மைல். ஆக 60,000-க்கு 25,000 மைல். 59,000 அனுப்பினால் 20,000-ஐக்கூட எட்டாது. ஆனால் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. அவர்கள் எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி, நேரம். எனக்கு நடந்தது இதில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். சில கூட்டாளிகளுக்கு பாயின்ட் நொடியில் போய்ச் சேருகிறது. சிலருக்கு மூன்று நாள், ஒரு வாரம். மைல் இருக்கை என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பொருள், அதை எங்களுக்காக யாரும் எடுத்து வைப்பதில்லை. ஒருசில நிறுவனங்கள் மட்டும் மைல் வரும்வரை இருக்கையைப் பிடித்து வைக்க விடுகின்றன. இதைத் தெரிந்தவர்கள் முதலில் போன் செய்து இருக்கையை உறுதிசெய்துகொண்டு, அப்புறம்தான் மாற்றுகிறார்கள். தளத்தில் தெரியும் இருக்கை உண்மையில் இல்லாமலே இருக்கும் கோளாறும் உண்டு என்பதால், அந்த போன் அவசியம். ஒவ்வொரு கூட்டாளிக்கும் எத்தனை நாள் ஆகிறது என்பது உங்கள் பதிவேட்டில் தானாகவே சேர்ந்துகொண்டிருக்கிறது. 'கடந்த மாதம் இந்தக் கூட்டாளிக்குச் சராசரியாக மூன்று நாள் ஆனது' என்று அந்தத் திரையில் இருந்திருந்தால், நான் அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு பொத்தானைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அந்த மூன்று நாளும் என் பாயின்ட் எங்கே இருந்தது என்றும் கேட்கிறேன். உங்களை விட்டுப் போய்விட்டது, அவர்களிடம் போய்ச் சேரவில்லை. விமான நிறுவனத்திடம் போய்விட்ட மைலைத் திருப்பித் தர முடியாது என்றால் புரிகிறது. இன்னும் வரிசையில் காத்திருக்கும் கோரிக்கையை ரத்துசெய்ய ஏன் முடியாது? ஆன்லைனில் வாங்கிய பொருளைக்கூட அனுப்பும்வரை ரத்துசெய்ய விடுகிறார்கள். கோரிக்கை உங்கள் கையை விட்டுப் போகும்வரை ஒரு ரத்து வசதி கொடுங்கள். நான் கேட்பதிலேயே பெரியது இதுதான்.

காலாவதியும் அதே திரையில் வர வேண்டும். என் கார்டு பாயின்ட்டுக்குக் காலாவதியே கிடையாது. மைலாக மாறிய நாளிலிருந்து அதற்கு ஆயுள் மூன்று வருடம் ஆகிவிட்டது. கிரிஸ்ஃபிளையரிலும் அடிப்படை விதி 36 மாதம்தான். கெடாத பண்டத்தைக் கொடுத்துக் கெடும் பண்டத்தை வாங்குகிறோம் என்று அந்த நேரத்தில் தெரிந்தால், தேவைக்கு மேல் ஒரு பாயின்ட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள்.

பெயர் விஷயமும் உண்டு. கார்டில் எனக்கு இனிஷியல், மைல் கணக்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர். பெயர் பொருந்தவில்லை என்றால் மாற்றம் நடுவழியில் நின்றுவிடும். பொத்தானை அழுத்தும் முன்பே பொருந்துகிறதா என்று சரிபார்த்துச் சொல்லிவிடலாம்.

போனஸ் மாற்றம் பற்றி உங்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்கள் அழகாக இருக்கின்றன. 30 சதவீதம் கூடுதல் மைல், இந்த மாதக் கடைசி வரை. இருக்கை கையில் இருக்கும்போது வந்தால் அது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. மேலே சொன்ன கணக்கில் 25,000 மைலுக்கு 50,000-க்குப் பதில் ஏறக்குறைய 38,500 பாயின்ட் போதும். ஆனால் பயணத் திட்டமே இல்லாதவரை, தேதியைக் காட்டி அவசரப்படுத்தி மாற்ற வைப்பது சரியில்லை. மாற்றிய பிறகு அந்த விமான நிறுவனம் டிக்கெட்டுக்குக் கேட்கும் மைல் அளவைக் கூட்டிவிட்டால் 30 சதவீதமும் போய்விடும்.

கூட்டுவது நடக்காத விஷயமும் அல்ல. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏஅட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து வெகுநாள் வரை, இந்த வழிக்கு இத்தனை மைல் என்று பட்டியல் போட்டு வைப்பதே பரவலான வழக்கம். டெல்டா தன் பட்டியலை 2015-ல் எடுத்துவிட்டது. யுனைடெட் தன் விமானங்களுக்கு 2019-ல் எடுத்தது. விலை நாளுக்கு நாள் மாறலாம் என்றானது. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கிடமும் ரிவார்டு திட்டங்களின் பதிவுகளைக் கேட்டது. மதிப்பைக் குறைப்பதும் மறைவான விலையும் அது எழுப்பிய கேள்விகளில் இருந்தன. அது விமான நிறுவனங்களின் கதை என்று நீங்கள் சொல்லலாம். மாற்று விகிதம் உங்கள் கையில் இருக்கிறது. நேற்று ஒன்றுக்கு ஒன்று, இன்று இரண்டுக்கு ஒன்று என்றால் நான்கு வருடச் சேமிப்பில் பாதி ஒரே இரவில் போய்விடும். மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம் உங்களுக்கு வரலாம். மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், பழைய விகிதத்தில் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். எந்தக் கார்டை எடுத்துச் செலவு செய்வது என்று நாங்கள் முடிவுசெய்தது நீங்கள் அன்று காட்டிய விகிதத்தைப் பார்த்துத்தான்.

அம்மா அடுத்த மாதம் திரும்பி வர வேண்டும். அந்த 30,000 மைல் இப்போது என் கணக்கில் தயாராக இருக்கிறது, இருக்கை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே எடுத்துவிடலாம். காலையும் இரவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் இன்னும் 2,000 சொச்சம் பாயின்ட் மீதி இருக்கிறது, மேலும் சேரும். அடுத்த முறை அந்தத் திரையைத் திறக்கும்போது, எத்தனை மைல், எத்தனை நாள், எப்போது காலாவதி, திரும்பப் பெற முடியுமா என்ற நான்கும் பொத்தானுக்கு மேலே இருக்குமா என்று உங்களில் யாராவது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்