வெளி ஃபில்டரும் வாரண்டியும்: வாட்ஸ்அப் சொல்லாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளியில் வாங்கிய எண்ணெய் ஃபில்டரைப் போட்டாலும் கார் நிறுவனம் வாரண்டியை மறுக்க முடியாது, அதற்குச் சட்டமே இருக்கிறது என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில சர்வீஸ் சென்டர் கவுண்டர்களிலோ, "வெளி ஃபில்டரா? அப்படின்னா வாரண்டி இல்லை" என்று ஒரே பேச்சில் ஆளை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டையுமே அப்படியே நம்பக்கூடாது. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், கமுனிங், சங்காட் சாலாக் பக்கத்திலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்கு ஓடும் காடிகள் (கார்கள்) பல இன்னும் தவணையில் இருப்பவை. எஞ்சின் நின்றாலும் தவணை நிற்காது.

அந்தத் தகவல் சொல்லும் சட்டம் அமெரிக்காவினுடையது. அங்கே 1975இல் வந்த மெக்னசன்-மோஸ் வாரண்டிச் சட்டம், "எங்கள் பிராண்டு சாமானைப் போட்டால்தான் வாரண்டி" என்று நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. சாமானை இலவசமாகக் கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு இங்கே மலேசியாவில் கவுண்டரில் வாதாட முடியாது. நம் கையில் இருப்பவை காடியோடு வந்த வாரண்டிப் புத்தகமும் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும்தான். விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த உரிமையை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிப் பறித்துவிட முடியாது என்றும் சொல்கிறது. எந்த பிராண்டு ஃபில்டரையும் போடலாம் என்று மட்டும் அது சொல்லவில்லை.

பெரோடுவா, புரோட்டோன் புதுக் காடிகளுக்கு வாரண்டி பொதுவாக 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. புத்தகத்தில் படிக்க வேண்டிய பக்கம், எவற்றுக்கு வாரண்டி இல்லை என்ற பக்கம். அசல் அல்லாத சாமானால் வரும் சேதத்தை ஏற்க மாட்டோம் என்ற வகை வரி அங்கே இருக்கும். அதில் 'ஆல்' என்ற ஈரெழுத்து உருபு கண்ணில் பட வேண்டும்: சேதத்துக்கு அந்தச் சாமான் காரணமாக இருக்க வேண்டும். கண்ணாடி இறக்கும் மோட்டார் செத்தால் ஃபில்டர் காரணமாக முடியாது. ஏர்கோன் கம்பிரஸருக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமில்லை. பேரிங் தேய்ந்தாலோ கேம்ஷாஃப்ட் கீறினாலோ டர்போ போனாலோ ஃபில்டர் மேல் கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. ஆனால் அதே பக்கத்தில், அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில்தான் அட்டவணைப்படி சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால், ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தது தனி வழக்காகிவிடும். பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பட்டறைத் தொழிலாளர்களான எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். வாரண்டி ஓடும்வரை அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வெளி ஃபில்டரில் மிச்சமாவது ஒரு குடும்பத்தின் பசியாறல் காசு. எஞ்சின் மாற்ற ஆயிரக்கணக்கில் வேண்டும். வாரண்டி முடிந்த பிறகு நல்ல நிறுவனத்தின் வெளி ஃபில்டர் தாராளமாகப் போடலாம். அசலுக்குக் குறையாதவை நிறைய உண்டு. அசல் பெட்டியில் வருவதைக்கூடப் பெரும்பாலும் கார் நிறுவனம் செய்வதில்லை, ஃபில்டர் நிறுவனம்தான் செய்து கொடுக்கிறது. பயப்பட வேண்டியது வெளி ஃபில்டருக்கு அல்ல, போலிக்கும் பொருந்தாததற்கும்.

பொருந்தாதது என்றால் என்ன? "மரை ஏறுது, ரப்பர் உட்காருது, போதும்" என்பது பல பட்டறைகளில் நடக்கும் கணக்கு. அது போதாது. டொயோட்டாவின் பல எஞ்சின்களில் ஃபில்டர் ஏறும் தண்டு முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 16 மரை. ஹோண்டாவில் 20 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஹோண்டாவுக்கான ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில் சுற்றினால் ஏறும், இறுகியது போலவும் தெரியும். ஆனால் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். எண்ணெய் குளிர்ந்திருக்கும் காலையில், ஸ்டார்ட் செய்து உடனே மிதித்தால் அழுத்தம் எகிறும். ஃபில்டர் கழன்று மொத்த எண்ணெயும் சாலையில் கொட்டிவிடும். எண்ணெய் விளக்கு எரிந்த அந்த நொடியே எஞ்சினை அணைக்காவிட்டால் பேரிங் பிழைக்காது.

மரை சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகிறது. உள்ளே வடிகட்டும் காகிதம் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ எஞ்சின் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு உண்டு. காகிதத்தின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அது திறக்கும். காடிக்குக் காடி அது சுமார் 8 முதல் 22 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை மாறும். ஸ்பிரிங் தளர்ந்த மட்ட ஃபில்டரில் வால்வு எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். எண்ணெய் வடிகட்டப்படாமலே சுற்றும், யாருக்கும் தெரியாது. ஸ்பிரிங் மிகக் கடினமாக இருந்தால் காகிதம் நசுங்கிக் கிழிந்து அதன் துண்டுகள் எண்ணெய் வழிகளில் போய் அடைக்கும். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கிறது. அவற்றுக்கான ஃபில்டரில் வால்வே இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டப்பாதான். ஆகவே அளவைப் பார்த்து வாங்காமல், ஃபில்டர் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் எஞ்சின் குறியீட்டுக்கு எதிரே உள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர். ஃபில்டர் படுத்த நிலையிலோ வாய் கீழ்நோக்கியோ மாட்டப்படும் எஞ்சின்களில் இது முக்கியம். மட்ட ரப்பர் சூட்டில் சீக்கிரம் விறைத்துவிடும். இரவு முழுக்க எண்ணெய் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி எஞ்சின் கடகடவென்று சத்தம் போடும், எண்ணெய் விளக்கும் தாமதமாக அணையும். ஃபில்டர் மாற்றிய சில வாரங்களில் இந்தச் சத்தம் புதிதாக வந்தால் முதல் சந்தேகம் இந்த ரப்பர் மேல்தான். சிலிக்கோன் ரப்பர் நைட்ரைலைவிடச் சூட்டை அதிகம் தாங்கும். ஆரஞ்சு நிறமாக இருப்பதாலேயே அது சிலிக்கோன் ஆகிவிடாது; போலிக்காரர்களுக்கும் சாயம் கிடைக்கும்.

காகிதத்தின் இரு முனைகளிலும் இரும்பு மூடி இல்லாமல் அட்டை இருந்தால் சிலர் சிரிக்கிறார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம். பசை சரியாக ஒட்டியிருந்தால் அட்டையும் வேலை செய்யும்; ஒட்டாவிட்டால் இரும்பு மூடியின் ஓரத்திலும் எண்ணெய் நழுவிப் போகும். அது போலவே எடையும். கனமான டப்பா நல்ல ஃபில்டர் என்று பொருளல்ல. வடிகட்டும் திறனை ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனையில்தான் அளக்கிறார்கள். எத்தனை மைக்ரோன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் எத்தனை விழுக்காடு பிடிக்கும் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லாத விளம்பரத்துக்கு மதிப்பில்லை.

தோட்டச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. செம்மண் புழுதி எஞ்சினுக்குள் வருவது காற்று ஃபில்டர் வழியாக. எண்ணெய் ஃபில்டர் அதில் கொஞ்சத்தைத்தான் பிடிக்கும். தேய்மானத்தில் பெரும்பங்கு செய்யும் 5 முதல் 20 மைக்ரோன் துகள்களில் பல அதன் வழியே தப்பிவிடும். காற்று ஃபில்டர் பெட்டியின் கிளிப் உடைந்திருக்க, எண்ணெய் ஃபில்டரின் பிராண்டைப் பற்றிக் கவலைப்படுவது வீண். கையேட்டில் கடின ஓட்டம் என்ற பகுதியும் இருக்கும்; புழுதி, குறுந்தூர ஓட்டம், நின்று நின்று ஓடுவது எல்லாம் அதில் வரும். அப்படி ஓடும் காடிக்குச் சர்வீஸ் இடைவெளி சுருங்கும். ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் ஃபில்டர் பற்றிய கவலை இல்லை. அதில் வலையும் சுழல் வடிகட்டியும்தான். கழற்றிக் கழுவினால் போதும்.

போலியைப் பெட்டியில் கண்டுபிடிப்பது கடினம், அச்சு அவ்வளவு தெளிவாக வருகிறது. டப்பாவைப் பாருங்கள். மரையில் பிசிறோ இரும்புத் தூளோ இருந்தால் வேண்டாம். ரப்பர் வளையம் பள்ளத்தில் முழுச் சுற்றும் சமமாக உட்கார வேண்டும். துளைகள் வழியே தெரியும் ரப்பர் விரலால் அழுத்தினால் வளைந்து மீள வேண்டும். பெட்டி எண்ணும் டப்பாவில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் கடையில் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். போலி என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழும் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழும் அது குற்றம்.

மாட்டும் முறையிலும் வாரண்டி போகலாம், அதனால் இந்தப் பத்தி போமன்களுக்கு (மெக்கானிக்குகளுக்கு). பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அதன் மேல் புதியது ஏறினால், இரட்டை ரப்பர் எப்போது வேண்டுமானாலும் பிதுங்கும். உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, புது வளையத்தில் புது எண்ணெய் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. டப்பா இல்லாமல் காகிதச் சுருள் மட்டும் மாற்றும் டொயோட்டா வகையில் மூடியின் ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்றி, டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர் வையுங்கள். பலத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். வடிகால் போல்ட்டின் வாஷரும் புதிது. ஸ்டார்ட் செய்து கசிவு பார்த்து, அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். மெல்லிய 0டபிள்யூ-20 எண்ணெய் கேட்கும் எஞ்சினில், வெயில் நாடு என்று சொல்லி கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். கெட்டி எண்ணெயில் பைபாஸ் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். தகராறு வந்தால் முதலில் பார்ப்பது எண்ணெயின் கிரேடைத்தான்.

ரசீதில் "சர்வீஸ், 120 வெள்ளி" என்று மட்டும் எழுதினால் அது எதற்கும் உதவாது. தேதி, காடி எண், ஓடிய கிலோமீட்டர், எண்ணெயின் பிராண்டு, கிரேடு, எத்தனை லிட்டர், ஃபில்டரின் பிராண்டு, பாகத்தின் எண், எல்லாம் வேண்டும். சூட்டில் அச்சாகும் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் டப்பாவில் உள்ள தேதிக் குறியீட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

எஞ்சினில் சத்தம் வந்து வாரண்டிக்குப் போகிறீர்கள் என்றால், காடியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் எண்ணெயை வடிக்காதீர்கள், ஃபில்டரைக் கழற்றாதீர்கள். அங்கே கழற்றும்போது நீங்கள் கூட இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போட விடாமல், சுத்தமான பையில் நிமிர்த்தி வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் அறுத்துப் பார்த்துவிடவும் கூடாது. பெரிய ஃபில்டர் நிறுவனங்கள் பல, தங்கள் ஃபில்டர் குறையால் எஞ்சின் கெட்டால் இழப்பீடு தருவதாகத் தனி வாரண்டி வைத்திருக்கின்றன. அறுக்காத ஃபில்டரும் ரசீதும் இருந்தால்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும். போலிக்கு அப்படி ஒரு கதவே கிடையாது.

வாரண்டி மறுக்கப்பட்டால் வாய்ப்பேச்சை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம் கெட்டது, ஃபில்டர் எந்த விதத்தில் அதற்குக் காரணம், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பைபாஸ் வால்வு சிக்கியிருந்ததா, காகிதம் கிழிந்திருந்ததா, எண்ணெய் வழி அடைத்திருந்ததா? "அசல் இல்லை" என்பது காரணம் ஆகாது. எழுதித் தரச் சொன்னாலே சில கவுண்டர்களில் பேச்சின் சுருதி இறங்கும்.

அதற்கும் அசையாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. முதலாம் பாரம் (படிவம்), 5 வெள்ளிக் கட்டணம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எதிர்த்தரப்புக்கும் அதே விதிதான். கோரிக்கைக்கான காரணம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஈப்போவில் உள்ள உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் விசாரிக்கலாம், இணையத்திலும் மனு செய்யலாம். சொந்த, குடும்பத் தேவைக்கு வாங்கிய காடிக்குத்தான் இந்த மன்றம். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்களும் வாடகைக்கு ஓடும் வேன்காரர்களும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ரசீதும் ஃபில்டரும் பத்திரமாக இருக்க வேண்டியது அவர்களுக்கு இன்னும் அவசியம்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.