குரல் பாதிப்புக்கு நிபுணர் சிகிச்சை வேண்டி: பேராக் மாநிலச் சுகாதார இயக்குநருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தோட்ட மக்கள் சார்பில்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்:
மாநிலச் சுகாதார இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநிலச் சுகாதாரத் துறை, ஈப்போ.

பொருள்: காது, மூக்கு, தொண்டை நிபுணர் மாதம் ஒருமுறை எங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து குரல்வளையைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓராண்டுக்கும் மேலாக என் குரல் கம்மிப் போயிருக்கிறது. காலையில் ஓரளவு எழும் குரல், இடைவேளைக்குப் பிறகு கரகரத்து, பள்ளி விடும் நேரத்தில் வெறும் காற்றாகிவிடுகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்தினால் ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டையும் அவர்களால் பிரித்துக் கேட்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைச் சத்தத்தில் பாடமே நின்றுவிடும். கடைசி வரிசைப் பையன் எழுந்து வந்து, என் மேசையருகே நின்று, காதை நீட்டிக் கேட்டுவிட்டுப் போய் எழுதுகிறான்.

சுகாதார கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. டாக்டர்கள் பொறுமையாகத்தான் பார்த்தார்கள். நாக்கை மரக்குச்சியால் அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சற்றுச் சிவந்திருக்கிறது என்றார்கள். இருமல் மருந்து, ஆன்டிபயாடிக், பிறகு நெஞ்செரிச்சல் மாத்திரை என்று மாறி மாறிக் கிடைத்தன. வீட்டில் அதிமதுரமும் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் தம் பங்குக்கு ஓடின. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குரல் நாண்கள் டார்ச் வெளிச்சம் எட்டும் இடத்தில் இல்லை. நாக்கின் அடிக்கும் கீழே, குரல்வளைக்குள் இருக்கின்றன. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கிப் பார்த்தால் ஒழிய அவற்றின் நிலை தெரியாது. முழு மயக்கம் கொடுக்கத் தேவையில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும் பரிசோதனை அது. அந்தக் கருவியும், அதைக் கையாளத் தெரிந்த நிபுணரும் எங்கள் ஊரில் இல்லை. எங்கள் குறையெல்லாம் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது.

ஏனெனில், காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் குரல் கம்மலுக்குக் காரணங்கள் பல. பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. நாள் முழுதும் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்கு அந்த நாண்களில் முடிச்சுகள் (சிறு தடிப்புகள்) விழலாம். அவற்றுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை, குரல் பயிற்சியே முதல் சிகிச்சை. நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு நாண் அசையாமல் போயிருந்தால் வழி வேறு. புற்றுநோயாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் கணக்கு; குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் கம்மலாகச் சீக்கிரமே வெளிப்படுவதால், தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, கம்மல் 4 வாரங்களில் தீராவிட்டால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும் என்கிறது. கம்மலுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதையும், குரல்வளையைப் பார்க்காமல் கம்மலுக்கு மட்டும் நெஞ்செரிச்சல் மருந்து கொடுப்பதையும் அது வேண்டாம் என்கிறது. எங்களுக்கு நடந்ததோ நேர்மாறு.

என் ஒருத்தியின் தொல்லை என்றால் மனு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓய்வுபெற்ற தண்டல், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், ஒருவர் இருக்கிறார். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் வரை காவடிக்கு முன்னால் பாடிக்கொண்டே போகிறவர். இளம் வயதிலிருந்தே சுருட்டுப் பழக்கம். இப்போது பாட்டு நின்றுவிட்டது, பேச்சும் பாதி விழுங்கிப் போகிறது. அவரை நினைத்துத்தான் எனக்கு அதிகப் பயம். இன்னொருவர், தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண். தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் எழும்பவில்லை. காய்ந்த மட்டைகளுக்கு இடையில் பாம்பைக் கண்டால், அடுத்த வரிசையில் குனிந்திருப்பவரை எச்சரிக்கக்கூட அவரால் கத்த முடியாது.

ஈப்போவுக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்குள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் இந்தத் துறை இருப்பது எங்களுக்குத் தெரியும். குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட்தான். அதற்காக அரசாங்கத்துக்கு நன்றி உடையவர்கள் நாங்கள். ஆனால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்துகிறவருக்கு, விடியுமுன் பஸ் பிடித்துப் போய் இருட்டியபின் திரும்பும் பயணம் ஒருநாள் கூலியை விழுங்கிவிடுகிறது. ஒருமுறை என்றால் எப்படியும் போய்விடுவோம். குரல் பயிற்சிக்கோ வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தனியார் நிபுணரிடம் போக எங்களில் பலருக்கு வசதி இல்லை.

ஆகவே, மாதத்தில் ஒருநாளாவது நிபுணர் ஒருவர் அந்த உள்நோக்குக் கருவியோடு எங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து பார்க்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். 4 வாரங்களுக்கு மேல் கம்மல் நீடிக்கும் எவரையும், குறிப்பாகப் புகைப்பவர்களையும் கழுத்தில் அறுவை செய்துகொண்டவர்களையும், அந்த நாளுக்கு அனுப்பி வைக்குமாறு சுகாதார கிளினிக்குகளுக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். குரல் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சையாளரும் உடன் வந்தால் பெரும் உதவியாக இருக்கும். துணைச் சுகாதாரத் தொழில்கள் பற்றிய 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டம் அவர்களைத் தனித் தொழிலினராக அங்கீகரித்திருக்கிறது. நேரில் வர ஆள் போதாதென்றால், முதல் பரிசோதனைக்குப் பின் பயிற்சியைக் கிளினிக்கிலிருந்தே காணொளி வழியாக நடத்தலாம். இவற்றில் எது தள்ளிப் போனாலும் நிபுணர் வருகை மட்டும் தள்ளிப் போகக் கூடாது என்பதே எங்கள் வேண்டுதல்.

தோட்டங்களிலிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவர வேன் ஏற்பாட்டைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும். குரல் பாதிப்புள்ளவர்களின் பட்டியல், அவர்கள் சம்மதத்துடன், மூடிய உறையில் இணைக்கப்பட்டுள்ளது. மனுவின் மலாய் வடிவமும் உடன் இருக்கிறது. தாங்கள் நாள் குறித்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம். தண்டலின் பரிசோதனையை மட்டும், இந்த ஏற்பாடு அமையும் வரை காத்திராமல், உடனே நடத்த உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)